பின் பெட்டிக்குள் படுத்த சவரிமுத்து அண்ணன்

புக்கிட் ரோத்தானில் மோட்டார் பட்டறை வைத்திருந்த சவரிமுத்து அண்ணன் சென்ற வியாழக்கிழமை காலை தம் வீட்டில் காலமானார். செய்தி கொண்டுவந்தவரிடம் நான் முதலில் கேட்டது, "சுட்டுட்டாங்களா?" என்பதுதான். மலாயாவின் இந்த அவசரகாலத்தில் வேறு என்ன கேட்பது? "இல்லண்ணே, தூக்கத்துலயே போயிட்டாரு" என்றார். அழுகைக்கு முன்னால் எனக்கு நிம்மதிப் பெருமூச்சுதான் வந்தது. அதை ஒளிப்பானேன்?

அவரை அறிந்தவர்களுக்கு அவர் வாயும் தெரியும். நான் சைக்கிளில் துணிமூட்டை கட்டித் தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக விற்ற நாளிலேயே, பெரிய முதலாளி மாதிரி என்னைத் 'தவுக்கே' என்று கூப்பிட்டுக் கேலி செய்தவர். பிறகு நான் ஒரு பழைய கார் வாங்கினேன். "தவுக்கே, இது காரா, கோயில் மேளமா?" என்றார். பின்பக்கத்தில் 'லொடக் லொடக்' என்று அப்படியொரு சத்தம்.

அது வெறும் சத்தமாக இருந்தால் பொறுத்திருப்பேன். சாலைத் தடுப்புகளில் போலீஸ்காரர்கள் அதைக் கேட்டதும் பின் இருக்கையைத் தூக்கிப் பார்ப்பார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறேனோ என்ற சந்தேகம். அது முற்றினால் தோட்டத்துக்குள் போகும் அனுமதி போய்விடும்; விசாரணை இல்லாமல் என்னை உள்ளே போடவும் முடியும். கேட்டவர்கள் எல்லாரும் அதிர்வுதாங்கி என்றார்கள். மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது.

"சத்தம் கேக்குற எடம் வேற, நோவு இருக்குற எடம் வேற" என்பார் அண்ணன். காரில் இருந்த அத்தனையையும் இறக்கினார். உதிரிச் சக்கரம், ஜாக்கி, என் முழக்கோல்கூட. "இதுங்க ஆடுதா, காரு ஆடுதான்னு மொதல்ல தெரியணும்." பிறகு தம் ஒல்லி உடம்பை மடக்கிப் பின் பெட்டிக்குள் படுத்து, மூடியைச் சாத்தச் சொன்னார். "குழி பாத்து எறக்கு, தவுக்கே."

இருவருக்கும் சத்தத்தின் மேலேயே புத்தி. வழக்கமாக ஆற்றங்கரையில் இருக்கும் தடுப்பு அன்று தோட்ட முனைக்கு வந்துவிட்டதை வளைவு திரும்பிய பிறகுதான் பார்த்தேன். நிறுத்தினேன். மலாய்க்கார சார்ஜன் ஜன்னலருகே குனிந்தார். அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது:

"ஏன் நிறுத்துற? இன்னொரு குழியில உடு லா!"

துப்பாக்கிகள் நிமிர்ந்தன. மூடியைத் திறந்தார்கள். "எடது பக்கந்தான்!" என்றபடி எழுந்த அண்ணன், துப்பாக்கி முனையைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். வாய் மட்டும் அடங்கவில்லை. இடது ஸ்பிரிங் பட்டையின் பின்முனையில் ரப்பர் தேய்ந்திருக்கிறது, கழற்றிக் காட்டுகிறேன், தேயாமல் இருந்தால் இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போங்கள் என்று மலாயில் சவால் விட்டார்.

"அண்ணே, ஒங்கள மட்டும் சொல்லக்கூடாதா?"

"காரு யாருது, தவுக்கே?"

எங்கள் ஜாக்கியோ பட்டறையில் கிடந்தது. போலீஸ் ஜீப்பின் ஜாக்கியையே வாங்கிக் காரைத் தூக்கினார். என் பிழைப்பு முழுவதும் அந்த ரப்பரில் இருந்தது. பட்டையைப் பிடித்திருந்த இரும்பு ஊசியை உருவியதும் ரப்பர் தூள் தூளாக உதிர்ந்தது. இரும்போடு இரும்பு உராய்ந்து பளபளத்த இடத்தைச் சார்ஜன் விரலால் தடவிப் பார்த்தார். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றி மாட்டினார் அண்ணன். சார்ஜனே பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். குழிகளில் இறக்கினேன்.

"செனியாப்" என்றார் சார்ஜன். சத்தமே இல்லையாம். அதைவிட இனிப்பான மலாய்ச் சொல்லை நான் கேட்டதில்லை.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த முறையைத்தான். இப்போது நான் நடத்தும் துணிக்கடையில் எது முடங்கினாலும் ஆளை மாற்றுவதற்கு முன் பாரத்தை இறக்கிவிட்டுக் காது கொடுக்கிறேன். அநேகமாக நோவு வேறெங்கோதான் இருக்கிறது.

அன்று பட்டறைக்குத் திரும்பியதும் பேசி முடித்தோம்: புது ரப்பர் போட்டுத் தர ஆறு வெள்ளி. மறுபடி சத்தம் வந்தால் கூலி கிடையாது. ஆனால் பெட்டிக்குள் படுப்பது நான்.