கதவு கொடுத்தவரின் மனைவி

அவள் கணவரைத் தெருவில் எல்லோரும் பக்திமான் என்றுதான் சொல்வார்கள். கேலிக்கு இல்லை, நிஜமாகவே. பெயிண்ட் கடை வைத்திருந்தார். கடைக்குப் போகும்போது பிரார்த்தனைக் கூடம், கடை சாத்திவிட்டு வரும்போதும் பிரார்த்தனைக் கூடம். அவர் கண்ணை மூடிக் குரலெடுத்தால் பின்வரிசையில் தூங்குகிறவர்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். அவர் மனைவிக்கு வாய்த்த பெயர் வேறு. "அந்தம்மாவுக்குக் கடவுள் பக்தி கொஞ்சம் கம்மி."

அவள் கூடத்துக்குப் போகாததற்குக் காரணம் பின்னறையில் படுத்திருந்தார். கணவரின் தம்பி. ஊர் ஊராக லாரி ஓட்டியவர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர், கிடைத்தால் குடிப்பவர், கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். ஒருநாள் லோடு இறக்குமிடத்தில் சுருண்டு விழுந்தார். வலப்பக்கம் மொத்தமும் போயிற்று. பேச்சில் "சரி" மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் சரிதான், வேண்டாமென்றாலும் சரிதான், கெட்ட வார்த்தை சொல்ல நினைத்தாலும் சரிதான். எந்தச் சரி எதற்கு என்று அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது.

கூடத்து ஆட்கள், கடவுள் கொடுத்த தண்டனை என்றார்கள். ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றார் கணவர். அவள்தான் ஒப்பவில்லை.

"நான் பாத்துக்கறேன்."

"உன்னால முடியாது."

"ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல வேலை பார்த்தவ நான். நான் பார்க்காத துணியா?"

அவள் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் அவளுக்குக் கரு கலைந்து ரத்தம் நிற்காமல் போனபோது கணவர் பிரார்த்தனையில் இருந்தார். ஆள் போய்ச் சொன்னதற்கு, "முடிச்சிட்டு வர்றேன்" என்று பதில் வந்தது. கொழுந்தன்தான் லோடு ஏற்றிய லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து, அவளை முன்சீட்டில் படுக்கவைத்து ஓட்டினார். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பீடி பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். "அண்ணி, ஒண்ணும் ஆகல, நீங்க தூங்குங்க" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனார். வேறு பெரிதாக ஒன்றும் செய்ததில்லை அந்த மனிதர்.

வருஷக்கணக்கில் அவள் அவரைப் புரட்டிப் போட்டாள், துடைத்தாள், ஊட்டினாள். முதுகில் புண் வரவிடவில்லை. விருந்தாளி வந்தால் கணவர் பின்னறையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்வார். "நம்ம தம்பியை நாமதானே பாத்துக்கணும்" என்பார். வந்தவர்கள் உருகிப்போவார்கள். வாரத்தில் ஒருநாள் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று தம்பிக்காகப் பிரார்த்தனை செய்வார். தம்பி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "சரி, சரி" என்பார். முடித்துத் தொலை என்று அதற்கு அர்த்தம். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

கூடத்தைப் பெரிதாக இடித்துக் கட்டினார்கள். முன்வாசல் கதவு கணவர் கொடுத்தது. இரட்டைக் கதவு, முழுக்கச் செதுக்கு வேலை. திறப்பு விழாவில் அவர்தான் தள்ளித் திறக்க வேண்டும், பிறகு பேச வேண்டும். பேச்சுக்குத் தலைப்பு இரக்கம்.

அன்று காலை கஞ்சி எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனவள், கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள். மூச்சில்லை. கணவர் கண்ணாடிமுன் நின்று புதுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி போயிட்டாருங்க."

அவர் கை நின்றது. பின்பு அடுத்த பொத்தானைப் போட்டது. "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"விழா முடியட்டும். அதுவரைக்கும் மூச்சு விடாத. எங்கெங்கிருந்தோ ஆளுங்க வந்திருக்காங்க."

"உங்க தம்பிங்க."

"தெரியுது. செத்தவன் எங்க போகப்போறான்? கடவுள் காரியம் காத்திருக்குமா?"

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பின்னறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அவள் வெந்நீர் வைத்துக் கொழுந்தனைக் குளிப்பாட்டினாள், முகம் மழித்தாள். கணவர் சாயங்காலத்துக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த இன்னொரு புதுச் சட்டையை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டாள். தெருமுனை ஒலிபெருக்கியில் பாட்டு கேட்டது. நேரே வாசலுக்குப் போய், எதிர்வீட்டுத் தையல்காரியைக் கூப்பிட்டு, "என் கொழுந்தன் இறந்துட்டாரு" என்றாள். இந்த ஒரு நாளாவது அந்த மனிதர் செத்தது நாலு பேருக்குத் தெரியட்டும், இரக்கத்தைப் பற்றிய அந்தப் பேச்சு நிற்கட்டும் என்று நினைத்தாள்.

தையல்காரி கூடத்துக்கு ஓடினாள். சற்று நேரத்தில் ஒலிபெருக்கி அடங்கியது. பின் கணவரின் குரல் வந்தது, உடைந்து.

"இப்பத்தான் சேதி வந்தது. என் ஒரே தம்பி... இத்தனை வருஷம் இந்தக் கையால தூக்கி வளர்த்த தம்பி... போயிட்டான். ஆனா கடவுள் வாசல்ல நின்னுட்டு நான் பாதியில திரும்ப மாட்டேன்."

கூட்டம் முழுக்க அழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. அவள் இறந்தவரின் காலடியில் உட்கார்ந்து, இரக்கத்தைப் பற்றிய பேச்சு முழுவதையும் கேட்டாள். நிறுத்த நினைத்தவள் அவருக்கு மேடையே போட்டுக் கொடுத்துவிட்டாள். அழுகை வரவில்லை.

சாவுக்கு வந்த பெண்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். "விழா முடியறவரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா? எப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு எப்படி வாய்ச்சிருக்கு பாரு." கூடத்து முகப்பில் பிறகு கல் பதித்தார்கள். தம்பியின் நினைவாக அண்ணன் அளித்த கதவு என்று இருக்கிறது அதில். அந்தக் கதவை அந்தத் தம்பி கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவள் திரும்பவும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கே வேலைக்குப் போனாள். கடைக்காரர் பெண்டாட்டிக்கு இது தேவையா என்று பேசினார்கள். கொதிக்கும் தொட்டியிலிருந்து விரிப்புகளைத் தூக்கும்போது வாய்க்குள் கடவுளோடு சண்டை போடுவாள். அந்தப் பின்னறையில் நீ இருந்தாயா, இல்லை மேடையில்தான் இருந்தாயா என்று கேட்பாள். அறையில்தான் என்று சில நாள் தோன்றும். பல நாள் ஒன்றுமே தோன்றாது.

ஒருமுறை கூடத்துத் தலைவரின் மனைவி கடைத்தெருவில் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தான் வீட்டுல யாரும் கிடக்கலையே. வந்து உட்கார்ந்தா கடவுளுக்குப் பிடிக்கும்மா."

"அவருக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியலீங்க. உங்களுக்கெல்லாம் எது பிடிக்கும்னு நல்லாத் தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பேச்சு அவளுக்கு முன்னாலேயே வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. கணவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வருமே. தட்டின் முன் உட்கார்ந்து கண்ணை மூடி நீளமாகப் பிரார்த்தனை செய்தார். அவர் கண் திறப்பதற்குள் அவள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போய்விட்டாள்.