யார் வாங்கித் தந்த சைக்கிள்

பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பதுதான் பெரியவளின் வேலை. கைராசிக்காரி. எப்பேர்ப்பட்ட ஒளிந்த நரம்பையும் ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். ஆனால் அவளிடம் கையை நீட்டுகிற யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. சுவரைப் பார்ப்பார்கள், கண்ணை இறுக்கிக்கொள்வார்கள், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி விட்டால் போதும் என்று கிளம்பிவிடுவார்கள். அவளுடைய ஓரகத்திக்குப் பொம்மைக் கடையில் வேலை. அங்கே வருகிறவர்கள் வரும்போதே பல்லைக் காட்டிக்கொண்டு வருவார்கள்.

அண்ணன் மனைவி என்பதால் இவள் பெரியவள். தம்பி மனைவி என்பதால் அவள் சின்னவள். வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் பெரியவள் வீடு இரண்டாம் மாடி, சின்னவள் வீடு அதற்கு நேர் மேலே. மேலே நாற்காலியை இழுத்தால் கீழே கேட்கும். சிரித்தாலும் கேட்கும். அதுதான் பெரியவளுக்குத் தாங்காது.

வருஷக் கடைசி விடுமுறை வந்தால் கட்டடத்துக் காவலாளிக்கு எல்லா வீட்டுக்காரர்களும் ஏதாவது கொடுப்பார்கள். பெரியவள் கொடுப்பது யார் கொடுப்பதற்கும் குறைந்ததில்லை. புது நோட்டாக மாற்றி, உறையில் போட்டு, வேலைக்குப் போகிற அவசரத்தில் அவர் மேஜைமேல் வைப்பாள். "வாட்ச்மேன், இது உங்களுக்கு" என்பாள். அதே மூச்சில், "மாடிப்படி லைட் நாலு நாளா எரியல, கவனிச்சீங்களா?" என்றும் கேட்பாள். கேட்காமல் இருக்க முடியாது, லைட் எரியவில்லையே.

சின்னவள் கொடுப்பதற்கு ஒரு கணக்கும் கிடையாது. ஒரு வருஷம் கொடுப்பாள், ஒரு வருஷம் கையில் இல்லை என்று அவரிடமே சொல்லிவிடுவாள். ஆனால் படிக்கட்டில் உட்கார்ந்து, "அண்ணே, அண்ணிக்கு முட்டிவலி எப்படி இருக்கு?" என்று ஆரம்பித்தால் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கட்டடம் முழுக்க, கொடுக்கிற மனசென்றால் சின்னவள்தான் என்று பேச்சு. நான் கொடுத்ததெல்லாம் எங்கே போயிற்று, கிணற்றில் போட்ட கல்லா என்று பெரியவளுக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் விடுமுறைக்குச் சில வாரம் முன்பு காவலாளியின் சைக்கிளை யாரோ காய்கறிச் சந்தையில் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் வீடு ஊருக்கு வெளியே. நடந்து வந்து சேர்வதற்குள் காலை நேரம் தப்பியது. குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் பெரியவளின் கணவர்தான். "பாவம்தான். ஆனா தினமும் கேட் பூட்டியே கிடந்தா என்ன பண்றது? வேற ஆள்தான் பாக்கணும் போல" என்று சாப்பாட்டு மேஜையில் சலித்துக்கொண்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நம்ம சின்னவ அவருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்திருக்கா, தெரியுமா? அவ புருஷனுக்கே அது தெரியாதாம். அந்த மனசு யாருக்கு வரும்?"

பெரியவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. புருஷனிடம் சொல்லாமல் கொடுத்தது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே சைக்கிள் கடைக்குப் போனாள். ஒரு கை வளையலுக்கென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்து நல்ல சைக்கிளாக ஒன்று பார்த்தாள். பச்சை நிறம், பின்னால் கேரியர், அழுத்தினால் தெருக்கோடி வரை கேட்கிற மணி. "பேர் என்ன எழுதணும்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "பேரெல்லாம் வேண்டாம். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. கேட்டுக்குப் பக்கத்துல விட்டுட்டு வந்துடுங்க" என்றாள். சின்னவள் புருஷனுக்குத் தெரியாமல் கொடுத்தாள் என்றால், இவள் வாங்குகிறவருக்கே தெரியாமல் கொடுப்பாள். அப்புறம் எப்படியாவது விஷயம் கசியும். கசிந்த அன்றைக்கு எல்லார் முகத்தையும் பார்க்க வேண்டும். அந்த நாளை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

விஷயம் கசிந்தது. ஆனால் வேறு பக்கமாக.

"சின்னம்மாதான் வாங்கிக் கொடுத்திருக்காங்க" என்று காவலாளி வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். சின்னவள் இல்லவே இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். அது இன்னும் வினையாகப் போயிற்று. முதல் மாடி டீச்சர் பெரியவளை மாடிப்படியில் மடக்கி, "பாத்தீங்களா உங்க ஓரகத்திய? செஞ்சுட்டு செய்யலங்கிறா. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தியா!" என்று உருகினார். "ஆமா, அவ அப்படித்தான்" என்று பெரியவள் சொல்லிவிட்டு மேலே ஏறினாள். வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றி எறிந்ததில் ஒன்று சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

தினமும் காலையில் மணி அடிக்கும். அந்த மனுஷன் வாசலில் நிறுத்தும்போது ஒரு தடவை, சின்னவளின் மகளைக் கேரியரில் வைத்துக் கட்டடத்தைச் சுற்றும்போது பத்துத் தடவை. பெரியவள் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். என் சைக்கிள், என் வளையல், அவள் பிள்ளைக்குச் சவாரி! பரிசோதனை நிலையத்தில் ஒரு கிழவருக்கு இரண்டு தடவை குத்த வேண்டி வந்தது. அவளுடைய சர்வீஸிலேயே அப்படி நடந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விட்டது. கீழே இறங்கினாள். காவலாளி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"லைட் மாத்திட்டேம்மா. ரெண்டாவது மாடிலயும் மாத்திட்டேன்."

"லைட்டுக்கு வரல. சீட்டு உயரம் சரியா இருக்கா? கடையில கொஞ்சம் இறக்கி வைக்கச் சொன்னேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கடையில?" என்றார். பிறகு அவள் முகத்தையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களாம்மா?"

"நான்தான்."

எத்தனையோ இரவு அவள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முகம் அது. வியப்பு வரும், கண் கலங்கும், கை கூப்புவார். வியப்பு மட்டும் வந்தது. அடுத்து வந்தது பயம். எண்ணெய்க் கையைச் சட்டையிலேயே துடைத்தார்.

"அம்மா, ஐயா என்னை வேலையைவிட்டு நிறுத்தப் போறாரா?"

"என்ன?"

"அதுக்குத்தான் போகும்போது கையில எதையாவது கொடுத்து அனுப்பலாம்னு வாங்கினீங்களா? நான் இப்ப லேட்டா வர்றதில்லம்மா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

பெரியவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. இவ்வளவு வருஷம் உறை கொடுத்தவள். அவள் சும்மா ஒன்றைக் கொடுப்பாள் என்று இந்த மனுஷனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. சின்னவள் கொடுத்தால் அது அன்பு. இவள் கொடுத்தால் சீட்டுக் கிழிந்தது! கோபித்துக்கொண்டு மேலே போய்விடலாம் என்று திரும்பினாள். ஆனால் அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அப்படியே விட்டுப் போக முடியவில்லை.

"வேலையெல்லாம் எங்கயும் போகாது. நான் எதுக்கு வாங்கினேன்னு சொல்லட்டுமா? அவ ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தா. ஊரே அவளைத் தூக்கி வச்சு ஆடுச்சு. எனக்குப் பொறுக்கல. அதைவிடப் பெருசா கொடுக்கணும்னு வாங்கினேன். போதுமா?"

சொன்னபிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. காது சுட்டது. அவருக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"அப்போ ஸ்வெட்டருக்குத்தாம்மா நான் நன்றி சொல்லணும். அது இல்லன்னா சைக்கிள் ஏது?"

பெரியவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டா வெறுப்பாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. படிக்கட்டில் அவளும் உட்கார்ந்தாள். முட்டிவலி பற்றிக் கேட்க நினைத்தாள், அது சின்னவள் கேட்கிற கேள்வி என்று விட்டுவிட்டு, "உங்க ரத்தத்துல சர்க்கரை பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டாள். அவர் பார்த்ததே இல்லை என்றார். நாளைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள்.

இரண்டே நாளில் காவலாளி மூலமாக விஷயம் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. ஒரு சாயங்காலம் சின்னவள் கதவைத் தட்டினாள். உள்ளே வந்து உட்காராமலேயே பேசினாள்.

"ஏன்க்கா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? எல்லாரும் என்னைப் புகழ்ந்துக்கிட்டே இருந்தாங்க. நான் இல்லன்னுதான் சொன்னேன்."

"நீ சொன்னதாக் கேள்விப்பட்டேன்."

சின்னவள் தரையைப் பார்த்தாள். "சொன்னேன். ஆனா கொஞ்சம் மெதுவாத்தான் சொன்னேன்."

பெரியவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். மனசுக்குள் ஏதோ ஒன்று ஜில்லென்று இறங்கியது.

"இப்போ டீச்சர் என்னைப் பாத்தா மூஞ்சிய திருப்பிக்கிறாங்க" என்றாள் சின்னவள். "என் ஸ்வெட்டரை ஒருத்தரும் நினைக்கறதில்ல. அவரே இன்னிக்குப் போடல. சைக்கிள் மிதிச்சா வேர்க்குதாம்." அவளுக்கும் வயிறு எரியும் என்று பெரியவளுக்கு இதுவரை தோன்றியதே இல்லை. பரிதாபப்பட வேண்டிய இடம் என்று தெரிந்தது. பட்டாள், கொஞ்சம். மிச்சமெல்லாம் சந்தோஷம்தான். "உக்காரு, காபி போடறேன்" என்று சமையலறைக்குப் போனவள், சர்க்கரையை ஒரு கரண்டி கூடவே போட்டாள்.

காவலாளிக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு பெரியவள் இறங்கும்போதெல்லாம் "என்ன சாப்பிட்டீங்க?" என்று விசாரிப்பாள், அவரும் சாப்பிட்டதில் பாதியை மறைத்துச் சொல்லுவார்.

அடுத்த வருஷக் கடைசியில் சின்னவளே வந்து, "இந்தத் தடவை நாம ரெண்டு பேரும் சேர்ந்தே கொடுத்திடலாம்க்கா. யாரு எவ்வளவுன்னு பேச்சே வேண்டாம்" என்றாள். பெரியவள் மனசாரச் சம்மதித்தாள். சேர்ந்தே கடைக்குப் போனார்கள். அவருக்கும் அவர் மனைவிக்கும் கம்பளி வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கீழே போய்க் கொடுப்பதென்று பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமையே பெரியவள் தனியாக இறங்கிப் போய், அவருக்கு ஒரு ஜோடி கையுறை கொடுத்துவிட்டு வந்தாள்.