அட்டை எப்படி வரும்?

நமுனுகுல மலையேற்றத்தில் நான் ஒரேயொரு ஆங்கிலச் சொல்லைச் சொல்லாமல் இருந்தேன். வாய்வரை வந்த சொல்தான்.

கடந்த டிசெம்பரில் நீண்ட மொழிபெயர்ப்பு வேலையொன்றை முடித்த களைப்பில் பதுளைக்குப் போயிருந்தேன். மழை இரண்டு நாளாக விட்டிருந்தது. காலை ஏழு மணிக்கு பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் நமுனுகுல. கட்டணம் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அங்கே நான் தங்கிய இடத்தில் ஒரு வெளிநாட்டுத் தம்பதியும் மலையேறத் தயாராக இருந்தார்கள். வழிகாட்டி வசந்தி, பக்கத்துத் தோட்டத்துப் பெண். அன்று அவளுக்குச் சோதனை நடை. விருந்தினர் உச்சிவரை போய்த் திரும்பினால்தான் வேலை. தங்குமிட முதலாளியும் கூடவே வந்தார்.

புறப்படுமுன் வசந்தி என் காதருகே வந்தாள். "அக்கா, நான் தடுமாறினாலும் நீங்க உதவிக்கு வந்துறாதீங்க. அப்புறம் இவளுக்கு இங்கிலீஷ் வராதுன்னு முதலாளி முடிவு பண்ணிருவாரு."

தேயிலை மலை முடிந்து காட்டுப்பாதை தொடங்கும் ஈரநிழலில் அவள் தடுமாறினாள். காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டை தாவும் என்றுதான் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். அதையே அவள் ஆங்கிலமாக்கி, அட்டைகள் 'ஜம்ப்' பண்ணும், கவனம் என்றாள்.

அந்த வெளிநாட்டு அம்மா அப்படியே நின்றார். மரத்திலிருந்தா, முகத்திலா என்று கேட்டார். கணவர் திரும்பிப் போகலாம் என்றார்.

"அட்டையப் புலியாக்கிட்டியேம்மா," என்றார் முதலாளி தமிழில்.

"கொஞ்சம் பொறுங்க சார்," என்றாள் வசந்தி.

அங்குலம் அங்குலமாக நகர்வதைச் சொல்லும் 'இன்ச்' என்ற ஆங்கில வினைச்சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வசந்தி, அட்டையொன்று ஊர்ந்த இலையைக் குனிந்து எடுத்தாள். அது வால் முனையை ஊன்றி, நீண்டு, வளைந்து, மறுபடி ஊன்றுவதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து, தன் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சாண் சாணாக வைத்துக் காட்டினாள்.

"நோ ஜம்ப், மேடம். இட் மெஷர்ஸ்." தையல்காரர் போல அளந்து அளந்துதான் வரும், நாம் நடந்துகொண்டே இருந்தால் அளந்து முடிக்க அதற்கு நேரமிருக்காது என்று உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினாள்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். "அப்படியானால் அளவு கொடுக்க வேண்டாம்," என்று ஆங்கிலத்தில் சொல்லி, கைத்தடியை ஊன்றி முன்னே நடந்தார். உச்சியில் மேகம் விலகியபோது கணவருக்கு முன்பே போய் நின்றவரும் அவர்தான்.

தமிழில் எறும்பும் பாம்பும் அட்டையும் ஊரும். ஆங்கிலம் ஒவ்வொன்றுக்கும் வேறு வினை கேட்கும். என் சொல் அகராதிப்படி சரியானது. ஆனால் அதைக் கேட்டு அந்த அம்மா நடந்திருப்பாரா என்று தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: ஏறி இறங்க ஐந்து மணி நேரம் வையுங்கள். அட்டை ஏறாமலிருக்க, கொழுந்து பறிக்கும் பெண்களைப் போலக் காலில் சவர்க்காரம், அதாவது சோப்பு, பூசிக்கொள்ளுங்கள். நீளக் காலுறை அவசியம். நிழலில் நின்று படம் எடுக்காதீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை வசந்தி வேலையில் சேர்ந்தாள்.