ரத்தம் எட்டாத துண்டு

1. கட்டு பிரித்த அன்று

புது எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி சர்ஜன் வெகுநேரம் நின்றார். பிறகு, "சேரலை, சிஸ்டர்" என்றார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அன்றைக்கு நோயாளியும் நானே.

லீவு நாளில் மற்ற நர்ஸ்கள் ஊருக்குப் போவார்கள். கல்யாணமான வருஷமே கணவரை இழந்த என்னைப் பிறந்த ஊரான மதுராந்தகத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் பஸ் பிடித்து மாமல்லபுரம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவேன். அப்படிப் போன ஒரு நாள், பாசி பிடித்த பாறையில் வழுக்கி, வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன்.

மறுநாள் எடுத்த படத்தில் விரிசல் தெரியவில்லை. சுளுக்கு என்று துணிக்கட்டுப் போட்டார்கள். நானும் வேலை பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குழியில் மட்டும் வலி போகவில்லை. பல வாரம் கழித்து, தியேட்டரில் கருவித் தட்டு என் கையிலிருந்து நழுவி விழுந்தது. சர்ஜன் திட்டவில்லை; மறுபடி படம் எடுக்கச் சொன்னார். அதில் விரிசல் நன்றாகத் தெரிந்தது. மணிக்கட்டில் முந்திரிக்கொட்டை போலிருக்கும் சின்ன எலும்பு அது. ஸ்கேபாய்டு என்போம்.

சர்ஜன் என் இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து அந்த இடைவெளியில் வைத்து ஆபரேஷன் செய்தார். முழங்கைக்குக் கீழிருந்து கட்டைவிரல் வரை மாவுக்கட்டு.

2. கட்டோடு இருந்த மாதங்கள்

இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடக் கூச்சம். மெஸ்ஸில் எல்லோரும் எழுந்து போன பிறகுதான் போய் உட்காருவேன். சோறு ஆறியிருக்கும். தலை பின்னிவிடுவது ஆயா கன்னியம்மா.

"இன்னா நர்ஸம்மா, உன்னப் பாக்க ஒருத்தரும் வர்லியே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வருவாங்க" என்றேன்.

அவள் வராத ஒரு காலையில் நானே இரண்டு கையாலும் பின்னிக்கொண்டேன். மணிக்கட்டில் சுருக்கென்று வலித்தது. எலும்பு விலகியிருக்குமோ என்று அன்றிலிருந்து எனக்குள் பயம்.

3. காரணம்

எலும்பு சேரவில்லை என்று தெரிந்ததும் மேட்ரன் மதுராந்தகத்தில் இருந்த என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வந்தார்; உட்காரவில்லை.

"கைய ஆட்டாம வெச்சிகினு இருந்திருந்தா சேராம இன்னா? வேல போச்சின்னா இன்னா பண்ணப் போற?"

வீட்டுக்கு வந்துவிடு என்று அவர் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சர்ஜனிடம் தலை பின்னியதைச் சொன்னேன். "அதனாலதான் சேரலையா, சார்?"

அவர் பேனாவை மூடிவைத்தார்.

"இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்துலேர்ந்துதான் உள்ள வருது. குறுக்கே உடைஞ்சா, முழங்கை பக்கத்துத் துண்டுக்கு வர்ற ரத்தம் நின்னுடும். ஆரம்பத்துலயே அசையாம கட்டினா பல பேருக்குச் சேரும். உங்க முதல் படத்துல விரிசலே தெரியலை, நாளாயிடுச்சு. நான் திறந்து பாத்தப்பவே அந்தத் துண்டுல ரத்தக் கசிவு இல்லை. புது எலும்பு வெச்சாலும், அது பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் உயிர் இருக்கணும்."

"பின்னாம இருந்திருந்தா?"

"ஒரு காலை நேரம் தலை பின்னினதால இது வரலை. இதை உங்ககிட்ட நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆபரேஷனுக்குப் பிறகு அழுதது அன்றுதான்.

4. அதற்குப் பிறகு

தியேட்டர் வேலை போயிற்று. கனமான தட்டை அந்தக் கையால் பிடிக்க முடியாது. என்னை வெளிநோயாளிகள் பிரிவில் போட்டார்கள். மழைக்காலத்தில் இன்றும் வலிக்கிறது. கையை ஊன்றி விழுந்தேன் என்று யார் வந்தாலும் கட்டைவிரல் குழியை அழுத்திப் பார்ப்பேன். வலித்தால், படத்தில் விரிசல் தெரியாவிட்டாலும் கட்டுப் போட்டு, சில வாரத்தில் மறுபடி படம் எடுக்க டாக்டரிடம் சொல்வேன்.

இளைய நர்ஸ்களுக்கு ஒன்று சொல்வேன். என்ன செய்தாலும் சிலருக்கு எலும்பு சேராது. கட்டைப் பிரிக்கும்போதே அதன் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் போகிற வழியில் அவர்களே ஒரு காரணம் தேடிக்கொள்வார்கள். பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்வார்கள். தனியாக வந்தவர்களுக்கு இரண்டு தடவை சொல்லுங்கள். அது உங்கள் தப்பில்லை என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஆள் இருக்காது.