இரண்டு மீட்டர், ஒரே உலை

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் கீழே ஒரு மின் மீட்டர், மாடியில் ஒரு மீட்டர். கீழே அம்மா, நான், என் மனைவி. மாடியில் அண்ணன் குடும்பம். குழம்பில் புளி கூடிவிட்டது என்று ஆரம்பித்த ஒரு பேச்சுக்குப் பிறகு அண்ணி மாடியில் தனியாகச் சமைக்கத் தொடங்கி வருஷங்கள் ஆகின்றன.

அந்தக் கோடையில் என் போனுக்கு வந்த மின்கட்டணத்தைப் பார்த்து வெயிலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். யூனிட்டைப் பார்த்தால், மாடி மீட்டரின் கணக்கும் எங்கள் கணக்கில் சேர்ந்திருந்தது. தனித்தனியாக இருந்தவரை இரு வீட்டுக்கும் முதல் நூறு யூனிட் இலவசம். சேர்த்துவிட்டால் அந்தச் சலுகை ஒரு தடவைதான். யூனிட் கூடக்கூட விலையும் கூடும் என்பதால், விலை குறைந்த படியில் நின்ற இரண்டு வீடும் சேர்ந்து மேல் படிக்குப் போயிருந்தன. இது எனக்கு விளங்கவே ஒரு காலைப்பொழுது போயிற்று. கடையநல்லூர் ஜவுளிக்கடையிலிருந்து திரும்பிய அண்ணனுக்கு விளக்க அதைவிட நேரம் பிடித்தது.

"ஏலே, பேப்பர்ல ஊரு உலகத்துக்கெல்லாம் விளக்கம் எழுதுத. சொந்த வீட்டு பில்லுல கோட்டை விட்டுட்டு நிக்க" என்றான். தன் பங்காகப் பழைய தொகையைத்தான் தருவேன் என்றும் சொல்லிவிட்டான்.

ஈபி ஆபீசில் விசாரித்தேன். ஒரே குடும்பம் என்றால் இணைப்புகளைச் சேர்த்துவிடுவார்கள், சமையல் தனி என்றால் பிரித்தே வைக்கலாம் என்றார்கள். நாங்கள் வெளியே போயிருந்தபோது ஆய்வுக்கு வந்தவர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். தெருவில் இத்தனை நாளும் சொல்லிவந்ததையே அம்மா அவரிடமும் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் ஒரே உலைதான், மாடியில் காப்பி போட ஓர் அடுப்பு கிடக்கிறது.

மறுஆய்வுக்கு மனுக் கொடுத்துவிட்டு, இந்தத் தடவை உள்ளதைச் சொல்லும்படி அம்மாவிடம் கெஞ்சினேன்.

"என் மக்க ரெண்டும் பிரிஞ்சு கெடக்குன்னு வேத்தாள்கிட்ட என் வாயால சொல்லணுமாக்கும்" என்றாள்.

ஆய்வுக்காரர் மறுபடி வந்தார். அண்ணன் மாடிக்குக் கூட்டிப்போய் கேஸ் அடுப்பு, குக்கர், அரிசி டிரம் எல்லாவற்றையும் காட்டினான். திருப்தியாகத்தான் இறங்கிவந்தார். அறிக்கையை எழுதிக்கொண்டே, அன்றைக்கு ஏன் ஒரே உலை என்று சொன்னீர்கள் என்று அம்மாவிடம் கேட்டார்.

"அன்னைக்கு ஒரே உலைதான் சார். இந்த பில்லு வந்த பொறவுதான் பிரிஞ்சானுவோ."

அவர் எழுதுவதை நிறுத்தினார். சலுகைக்காகக் குடும்பத்தைப் பிரித்துக் காட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாராம். நானும் அண்ணனும் ஒரே நேரத்தில் பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்தோம். அவர் கையைக் காட்டி அமர்த்தினார்.

"அப்போ உங்க அம்மா பொய் சொல்லுதாங்கன்னு எழுதிக்கிடட்டுமா?"

அம்மா எங்கள் இருவரையும் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தான். "எழுத வேண்டாம் சார்" என்றேன்.

அடுத்த பில்லும் ஒன்றாகவே வந்தது.