முன்னால் போன வெள்ளைத் துண்டு

உங்கள் வண்டி நல்ல வண்டிதான். பழைய லேண்ட்ரோவரை இவ்வளவு அழகாகத் தேற்றி வைத்திருக்கிறீர்கள், கூடாரம் அடுப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு கேமரன் மலைக்குப் போகலாம் வாங்க சார் என்று ஆசையாகக் கூப்பிடுகிறீர்கள். நான் வரமாட்டேன். முட்டி வலி என்று போன தடவை சொன்னது பொய். காரணத்தைச் சொல்கிறேன், சிரிப்பதானால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் கணக்கு வாத்தியார். பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகச் சிரிப்பேன். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பயந்த பிள்ளைகளை ஐம்பது தடவை எழுத வைத்தவன். இன்றைக்கும் பேய் உண்டு என்று சொல்ல மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன், நீங்கள் நம்பினாலும் சரி, கிழவனுக்குக் கிறுக்கு என்றாலும் சரி.

எழுபதுகளின் கடைசி. என்னைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே எனக்குக் கிடைத்த நல்ல சிநேகிதன் மாணிக்கம், தோட்டத்து வொர்க்‌ஷாப்பில் பிட்டர். தோட்டம் கழித்துவிட்ட ஒரு பழைய லேண்ட்ரோவரை நானும் அவனும் சேர்ந்து எடுத்து, ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் உருட்டித் தட்டி ஓடவைத்தோம். கொழுந்து மூட்டை ஏற்றிய வண்டி அது, பிரசவ வலி வந்த பெண்களைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன வண்டி, சில நாள் பிணமும் ஏற்றியிருக்கிறது. வண்டி மேல் நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன், குற்றமெல்லாம் என்னுடையது.

பள்ளி விடுமுறையில் மூன்று பேர் கிளம்பினோம். நான், மாணிக்கம், தோட்டத்து மருந்து வீட்டில் டிரஸ்ஸராக இருந்த செல்வம். கோலா தெர்லா தாண்டி, மரம் வெட்டும் லோரிகள் போன பழைய மண்ரோடு ஒன்று காட்டுக்குள் போகும். அதில் ஏறி ஆற்றோரம் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கினோம். சோறு, டின் சார்டின், தோட்டத்துத் தேத்தூள், காலெல்லாம் அட்டைக்கடி. அந்த இரண்டு நாளும் ஒரு குறையும் இல்லை, என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாட்கள் குறைவு.

மூன்றாம் நாள் எப்படியும் வீடு திரும்ப வேண்டும். மறுநாள் காலை மாரியம்மன் கோயிலில் மாணிக்கத்தின் மகளுக்குக் காது குத்து. அவன் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

"மாமன் மடியில உக்கார வச்சு குத்தையில நான் பக்கத்துல நிக்கணும் வாத்தியாரே. நான் போகலன்னா எம்பொண்டாட்டி பார்வதி என்னைய லயத்து வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டா."

மத்தியானம் ரேடியேட்டர் ஹோஸ் ஒழுக ஆரம்பித்தது. வயதான ரப்பர். மாணிக்கம் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி, நனைத்து, ஹோஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். செல்வமும் பார்த்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

நின்று நின்று வந்ததில் தாமதமாகிவிட்டது. ஐந்தரை மணி இருக்கும், ரோடு சரிவாக இறங்க ஆரம்பிக்கும் இடத்தில் பனி மூடியது. உங்களுக்குத் தெரிந்த சுற்றுலாப் பனி இல்லை, பானெட்டின் முனை தெரியாது. இடது பக்கம் மலை, வலது பக்கம், அதாவது ஓட்டுகிற என் பக்கம், பள்ளம். தார் ரோட்டுக்கு இன்னும் இரண்டு மைல்.

இதற்குத் தோட்டத்தில் ஒரு முறை உண்டு, வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து வருவது. ஒருத்தன் இறங்கி, முதுகில் வெள்ளைத் துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடப்பான். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்கக்கூடாது, துண்டை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போகவேண்டும். பனிக்குள் வெள்ளை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பனி சாம்பல் நிறம், விளக்கு வெளிச்சத்தில் துண்டு தனியாகத் தெரியும். இன்னொன்று, நடக்கிறவன் முதலில் பானெட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டவேண்டும். தட்டாமல் வண்டியை எடுக்கக்கூடாது. ஏன் என்று கேட்டால், தட்டுகிறவன் நம் ஆள் என்பார்கள். நான் அதற்கும் சிரித்தவன்.

மாணிக்கம் இறங்கினான். "பின்னால கூடாரத்துக் கயிறு அவுந்து கெடக்கு. கட்டிட்டு முன்னால வர்றேன். தட்டுனா எடுங்க."

பின்பக்கம் போனான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் முன்னால் துண்டு தெரிந்தது. ஆள் உயரத்தில், தோள் அகலத்தில், வெள்ளையாக. மலைப்பக்கமாகச் சுற்றி வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

செல்வம் சொன்னான், "இன்னும் தட்டலையே சார்."

"தட்டினாத்தான் வண்டி ஓடுமா? வேண்டுதலா? காது குத்து அவன் பிள்ளைக்கு, எனக்கா?" என்று சொல்லி கிளச்சை விட்டேன்.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்தப் பழமொழியை நான் எந்தப் பிள்ளையையும் எழுத வைத்ததில்லை.

வண்டி நகர்ந்ததும் துண்டும் நகர்ந்தது. முதல் வளைவில் பின்னால் டப் டப் என்று இரண்டு சத்தம். செல்வம் திரும்பிப் பார்த்தான், மூட்டைகள் மறைத்ததால் ஒன்றும் தெரியவில்லை.

"பின்னால என்னமோ தட்டுது சார்."

"தண்ணி டின் ஆடுது, சும்மா வா."

எக்சாஸ்ட் ஓட்டை, லோ கியரில் போட்ட இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தட்டல் வரவேயில்லை. துண்டு நிதானமாகப் போனது. எங்கே திரும்பவேண்டுமோ அங்கே திரும்பியது, எங்கே நிற்கவேண்டுமோ அங்கே நின்றது. மாணிக்கம் எவ்வளவு கெட்டிக்காரன் என்று செல்வத்திடம் வாய்விட்டே சொன்னேன். முக்கால் மணி நேரம், நான் கண்ணை எடுக்கவில்லை.

கீழே தார் ரோடு முனையில் காய்கறி லோரி ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. பனி விலகியிருந்தது. துண்டைக் காணோம். "வாடா, தேத்தண்ணி குடிக்கலாம்," என்று கத்தினேன். ஒதுங்கப் போயிருப்பான் என்று ஐந்து நிமிடம் நின்றோம், பத்து நிமிடம் நின்றோம். சும்மா நிற்பானேன், தண்ணீர் ஊற்றலாம் என்று செல்வம் பானெட்டைத் தூக்கினான். தூக்கியவன் அப்படியே நின்றான்.

ஹோஸைச் சுற்றி மாணிக்கத்தின் துண்டு கட்டியபடியே இருந்தது, ஆவி பறந்துகொண்டு.

"நாம யாரு பின்னால வந்தோம் சார்?" என்றான்.

அதற்குள் என் கதவின் வெளிப்பக்கம் என் கண்ணில் பட்டுவிட்டது. கண்ணாடிக்குக் கீழே ஒரு கையின் சேற்றுத் தடம், ஐந்து விரலும், கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போயிருந்தது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேலே ஓடினோம். செல்வம் முன்னால் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே போனான். மேலே, அந்தத் தட்டல் கேட்ட முதல் வளைவில் ரோட்டின் பள்ளத்துப் பக்க விளிம்பு உடைந்து கிடந்தது. மலைப்பக்கம் ஒரு லோரியே போகுமளவு இடம் இருக்க, எங்கள் டயர் தடம் விளிம்பை ஒட்டி ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. அதாவது மாணிக்கம் ஓடிவந்து பின்கதவைத் தட்டியிருக்கிறான், நாங்கள் நிற்கவில்லை, என்னைக் கூப்பிட என் கதவுப் பக்கம் வந்திருக்கிறான். அந்தப் பக்கம் கால் வைக்க ஒரு சாண்தான் இருந்தது. அப்படி ஒட்டி ஓட்டியது நான். அப்படி ஓட்டவைத்தது எது என்று எனக்குத் தெரியாது.

இரவெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. விடிந்ததும், லோரிக்காரர் போய்ச் சொல்லி, காது குத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்களும் தோட்டத்து ஆட்களும் கோயிலிலிருந்து நேராக ஏறி வந்தார்கள். அவர்கள்தான் கயிறு கட்டி இறங்கி அவனை எடுத்தார்கள். செல்வம் அவன் கழுத்து நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதே லேண்ட்ரோவரில்தான் ஏற்றி வந்தோம், வேறு வண்டி அந்த ரோட்டில் ஏறவில்லை. காது குத்த வந்த ஆசாரி, பெட்டியைத் திறக்காமலே திரும்பிப் போனார். விபத்து என்று எழுதி முடித்தார்கள். விபத்துதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பார்வதி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அவள் தோட்டத்தில் பிறந்தவள், முறை தெரிந்தவள். பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

"அண்ணே, தட்டுனப்பறந்தான வண்டிய எடுத்தீங்க?"

"ஆமா தங்கச்சி. தட்டினான்," என்றேன்.

செல்வம் அங்கேயே நின்றான், தரையைப் பார்த்தான். அவன் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன், பிறகு அந்த மலை ஏறவில்லை. அந்தப் பொய்தான் என்னை அதிகமாகத் தின்றது என்று நீங்கள் நினைக்கலாம், நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் செல்வத்திடம்கூடச் சொல்லாதது ஒன்று உண்டு. அன்று சாயங்காலம் டார்ச்சோடு மேலே ஓடினேன் இல்லையா, செல்வம் ஓரமாக, பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் போய்விட்டான். நான் ரோட்டு நடுவில் வந்தேன். எங்கள் இரண்டு டயர் தடத்துக்கும் நடுவே ஈரமண்ணில் காலடி இருந்தது. மாணிக்கம் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். இது வெறுங்கால். வளைவுக்கு வளைவு, ஒரே அளவு இடைவெளி, ஒன்றுகூடத் தவறவில்லை. காலையில் ஐம்பது பேர் மிதித்து எல்லாம் அழிந்துவிட்டது, அதனால் சாட்சிக்கு யாரும் இல்லை, நீங்கள் நம்பவேண்டியதும் இல்லை.

குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே இறங்கிப் போகிறவன் காலடியில் விரல் கீழ்ப்பக்கம் இருக்கவேண்டும், இல்லையா? எல்லாக் காலடியிலும் குதிகால்தான் கீழ்ப்பக்கம் இருந்தது. விரல்கள் வண்டியைப் பார்த்து இருந்தன.

முதுகில் போட்ட துண்டு என்று நினைத்துக்கொண்டுதான் அந்த முக்கால் மணி நேரமும் அந்த வெள்ளையைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். முதுகு அந்தப் பக்கம் இருந்திருக்கிறது, முகம் என் பக்கம்.