பத்தொன்பது நாள் பாக்கி இருந்தது

முருகேசன் போய்விட்டார். இன்று காலை, அந்தமானில், லம்பா லைனில், அவர் வீட்டிலேயே.

சாத்தம் – பம்பூஃப்ளாட் ஃபெர்ரியில் போய்வந்தவர்களுக்கு அவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். குரல் தெரிந்திருக்கும். படகு ஜெட்டியில் கயிறு வீசிக் கட்டிக்கொண்டே கூட்டத்தை விலக்கிவிடுவாரே... அவர்தான்.

இருபத்திரண்டு வருஷம் அந்த ஃபெர்ரியில்தான் பள்ளிக்கூடம் போனேன். தூரத்தில் நான் ஓடி வருவது தெரிந்தால் போதும். "ருக்கோ ருக்கோ! டீச்சர் ஆ ரஹீ ஹை!" நிறுத்து, டீச்சர் வர்றாங்க என்று இந்தியில் கத்துவார்.

ஃபெர்ரி ஓட்டுபவர் முறைப்பார். "என்ன பாய் பாக்குறே? இந்தம்மா போகலைன்னா அங்க நாப்பது பிள்ளைங்க ஸ்கூல் கூரையைப் பிரிச்சிரும்!" என்பார் முருகேசன். ஃபெர்ரியே சிரிக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏறுவேன்.

ஒருநாள் கேட்டார். "நீங்களும் கத்துறீங்க, நானும் கத்துறேன். உங்க தொண்டை மட்டும் எப்படி டீச்சர் கம்மாம டீக்கா இருக்கு?"

அப்பத்தா மருந்து என்றேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் எனக்குக் குரல் போனபோது, தேவகோட்டையிலிருந்து அவர் கப்பலில் கொடுத்துவிட்ட பொடி. அதிமதுரம், சித்தரத்தை, திப்பிலி. தேனில் குழைத்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். புளி, மோர், மீன் கூடாது. நடுவில் ஒருநாள் விட்டாலும் திரும்ப முதலிலிருந்து.

"மீன் கூடாதா? அந்தமான்லயா? அப்பத்தா நம்ம ஊருக்கு வந்ததே இல்லை போல" என்றார். அதற்கும் சிரித்தோம்.

நான் ரிட்டயர் ஆன பிறகு, போன வருஷம், மார்க்கெட்டில் பார்த்தேன். குரல் கரகரவென்று பாதிதான் வந்தது. "என்ன முருகேசன், ரேடியோல ஸ்டேஷன் சரியா பிடிக்கலையா?" என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் டீச்சர். அந்தப் பொடி கிடைக்குமா?"

இரண்டு மாசம் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. மனதில் விழவில்லை. என் தொண்டைக்கு முப்பது வருஷம் கேட்ட மருந்து, அவர் தொண்டைக்குக் கேட்காதா என்றுதான் நினைத்தேன். மறுநாளே பொடியை இடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் போன் செய்தார். காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் காட்டியிருக்கிறார். மெயின்லேண்ட் போய் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சென்னை ஆஸ்பத்திரியில் தேதியும், கப்பலில் டிக்கெட்டும் கிடைத்துவிட்டன.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கப்பல் சாப்பாட்டுல பத்தியம் நிக்காதே டீச்சர். இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி இருக்கு. என்ன பண்ணட்டும்?"

வகுப்பில் எதையும் ஓர் உதாரணத்தோடு சொல்லியே பழகியவள் நான். என் உதாரணங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அன்றும் ஒன்று வந்து விழுந்தது.

"சோறு பாதி வெந்ததும் அடுப்பை அணைச்சிட்டு, ஊருக்குப் போய் வந்து மறுபடி பத்த வெச்சா என்ன ஆகும் முருகேசன்?"

"கச்சாவா போயிரும் டீச்சர்."

"அவ்வளவுதான். முடிச்சிட்டு அடுத்த கப்பல்ல போங்க."

டிக்கெட்டைக் கேன்சல் செய்தார். மண்டலம் முடிந்தபோது மழைக்காலம். கடல் மோசம், கப்பல் தள்ளிப்போனது. பிளேனில் போகலாமே என்று மகள் சொன்னாள். கடலைத் தவிர வேறெதையும் அவர் நம்பமாட்டார். ஆஸ்பத்திரியில் வேறு தேதி வாங்கி, அவர் சென்னை போய்ச் சேரும்போது மூன்று மாசம் ஓடிவிட்டது.

புற்று... குரல்வளையை எடுத்துவிட்டார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாராம். மகள்தான் சொன்னாள். அந்த மீதி வாக்கியம் அன்றிலிருந்து என்னிடம் இருக்கிறது.

திரும்பி வந்ததும் பார்க்கப் போனேன். கழுத்தில் துணி. பேச்சில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து நீட்டினார்.

நாற்பத்தெட்டு டிக். ஒருநாள்கூட விடவில்லை. ஹோம்வொர்க் நோட்டைக் காட்டும் பிள்ளை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க" என்றேன். டீ வந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்று அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எல்லாரும் சொன்னோம் டீச்சர், இந்த மனுசன்தான் பிடிவாதமா டிக்கெட்டை கேன்சல் பண்ணிச்சு. நீங்களாவது மருந்து கொடுத்துப் பாத்தீங்க."

டிக்கெட் விஷயத்தில் என் பெயரை அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

அங்கே கூட்டத்தில் வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டார், நான் போக வேண்டாம் என்றேன். அவர் மகளும் இந்தப் பக்கத்தில் என் பதிவுகளைப் படிக்கிறாள். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு, கண்ணு. நாளை நானே வந்தும் சொல்கிறேன்.

தொண்டைக் கம்மலுக்கு அந்தப் பொடியைச் சொல்லி நான் இங்கே போட்ட பழைய பதிவை அழித்துவிட்டேன். யாராவது எடுத்து வைத்திருந்தால் நீங்களும் அழித்துவிடுங்கள்.

முருகேசன்... எத்தனையோ காலை எனக்காக ஃபெர்ரியை நிறுத்தி வைத்தீர்கள். நான் உங்களை நிறுத்தி வைத்தேன்.

போய் வாருங்கள்.